கந்தகம் தூவிய சிலை

மதுரையில் அந்தக் கண்காட்சிக் கூடத்துக்குள் நுழைந்ததுமே கந்தக நெடி மூக்கில் ஏறியது. பார்க்க வருகிறவர்களுக்கு ‘அனுபவம்’ கிடைக்கட்டும் என்று சிற்பி தன் சிலையைச் சுற்றிக் கந்தகப் பொடியைத் தூவி வைத்திருந்தார்.

அந்த நெடி எனக்கு எம். புதுப்பட்டிப் பக்கம் அம்மா வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியின் நெடி. களத்தில் திரிகள் காய, அலுமினியப் பொடி படிந்து வெள்ளியாக மினுங்கும் கைகளைக் கழுவிவிட்டு, பெண்கள் மதியம் தூக்குவாளிகளைத் திறக்கும் சத்தம் பள்ளிக்கூடம் வரை கேட்கும். நான் ஆறாவது படித்தபோது, தீபாவளி சீசனில் கம்பெனி வெடித்தது. அம்மா செத்துப்போனாள். மூன்றாம் நாள் இந்தச் சிற்பி காரில் வந்து, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கருகிய செருப்புகளையும் நசுங்கிய தூக்குவாளிகளையும் சாக்கில் பொறுக்கிப் போட்டார்.

“அது எங்க அக்கா வாளிய்யா. குடுத்துட்டுப் போங்க” என்று சித்தி கெஞ்சினாள்.

“இனிமே இது கலைம்மா. உலகமே பார்க்கும்.”

உலகம் பார்த்தது. அந்த ஒரு சாக்கை வைத்தே விருது வாங்கினார், வெளிநாடு போனார், ஏழைகளின் வலியைப் பற்றி மேடைதோறும் கண்கலங்கினார். கம்பெனி இருந்த இடத்தில் இன்று கல்யாண மண்டபம். சிலையின் நெஞ்சில், பிடியில் அம்மா சுற்றிய செம்புக் கம்பியோடு, அவளுடைய வாளி. கீழே அட்டையில் ‘பெயரற்றவள்’.

அருகில் சிரித்தபடி நின்ற சிற்பியிடம், “அவ பேரு பேச்சியம்மா” என்றேன்.

“அடடா, தலைப்புக்கு இது இன்னும் பிரமாதமா இருக்கே!” என்று பேனாவை எடுத்தார்.