காலுக்குப் பழகிப்போன பிரேக்

மாத்து மேஸ்திரி என்று கேட்டால்தான் அந்தச் சாலையில் ஷெட்டைக் காட்டுவார்கள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் அவர் மனைவியே ஒரு நொடி யோசிப்பாள். எந்த வண்டி இன்ஜினையும் எந்த வண்டிக்கும் மாற்றிப் பொருத்திவிடுவார் என்பதால் வந்த பெயர் அது. வேனில் கழற்றியதை ஜீப்பில் வைப்பார், ஜீப்பில் கழற்றியதைத் தண்ணீர் இறைக்கப் போடுவார். "விட்டா எங்க வீட்டுக்காரருக்கே வேற இன்ஜின் வச்சிடுவீங்க போல" என்று எதிர் டீக்கடைக்காரம்மா கேலி செய்வாள். "அவருக்கு இன்ஜின் நல்லாத்தான் இருக்கு. காலைல ஸ்டார்ட் ஆகறதுதான் கஷ்டம்" என்பார் இவர்.

கெட்டிக்காரர்தான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் ஒரு பாழாய்ப்போன குணமும் கூடவே இருந்தது. முக்கால்வாசி வேலை முடிந்து இன்ஜின் ஓட ஆரம்பித்துவிட்டால் போதும், மனசு அடுத்த வண்டிக்குத் தாவிவிடும். மீதிக் கால்வாசி 'அப்புறம்' என்று நிற்கும். அந்த மனிதருடைய வாழ்க்கையில் பாதிக் கஷ்டம் இந்த அப்புறத்தால் வந்தது.

அப்பா அம்மா இரண்டு பேரும் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தங்கையை இவர்தான் வளர்த்தார். பழைய டயர் மேல் உட்கார்ந்து பாடம் படித்த பெண் அவள். படிப்பு முடிந்ததும், கல்குவாரி மலையில் குடியிருந்து அங்கேயே ஜீப் ஓட்டுகிற ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தார். மாப்பிள்ளை நல்ல வாட்டசாட்டமான ஆள், உழைப்பாளி, தண்ணி கிண்ணி தொடாதவர். கல்யாணமான புதிதில் அவரே பக்கத்தில் உட்கார்ந்து மனைவிக்கு ஜீப் ஓட்டக் கற்றுக்கொடுத்தார், லைசென்ஸும் எடுத்துக்கொடுத்தார். "உங்க தங்கச்சி என்னைவிட நிதானம் மச்சான்" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

அந்த ஜீப் பெட்ரோல் வண்டி. மலைப்பாதையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்வந்தால் பெட்ரோலுக்கே வருமானமெல்லாம் போனது. "டீசல் இன்ஜின் வச்சுக்கொடுங்க மச்சான்" என்று மாப்பிள்ளை ஒற்றைக்காலில் நின்றார். மேஸ்திரியும் நொறுங்கிப்போன ஒரு வேனிலிருந்து நல்ல இன்ஜினாகப் பார்த்து எடுத்தார். பழைய தாங்கிகளை அறுத்து எறிந்துவிட்டுப் புதிதாக வெல்டிங் வைத்தார். கியர் பெட்டியோடு இணைக்க லேத்தில் கனமான தகடு ஒன்று கடைந்து வாங்கினார். டீசல் இன்ஜின் பாரம் தாங்காமல் வண்டி மூக்கைத் தொங்கப்போட, முன்பக்க ஸ்பிரிங்குக்கு இரண்டு பட்டை கூடுதலாகப் போட்டார். இன்ஜின் முதல் தடவை உறுமியபோது டீக்கடையில் இருந்தவர்களெல்லாம் எழுந்து வந்து பார்த்தார்கள்.

பாக்கி இருந்தது பிரேக்குக்கான பம்ப் மட்டும்தான். பெட்ரோல் இன்ஜின் ஓடும்போது அதற்குள் ஓர் உறிஞ்சல் இருக்கும். நாம் பிரேக்கை மிதித்தால் அந்த உறிஞ்சலும் கூடச் சேர்ந்து அழுத்தும். அதனால்தான் யார் மிதித்தாலும் வண்டி நிற்கிறது. டீசலில் அது கிடையாது, அதற்கென்று தனியாக ஒரு பம்ப் வேண்டும். வேனில் இருந்த பம்ப் ஜீப்பின் சட்டத்தில் இடித்தது. அதை வேறு இடத்தில் உட்கார வைக்க ஒரு தாங்கி செய்ய வேண்டும். மேஸ்திரி பம்பைக் கழற்றி வைத்துவிட்டு, இன்ஜினில் அது இருந்த இடத்தைத் தகடு வைத்து அடைத்தார்.

"தாங்கி வர ஒரு வாரம் ஆகும் மாப்பிள்ளை. அதுவரைக்கும் பிரேக் கல்லு மாதிரி இருக்கும்."

மாப்பிள்ளை ஏறி மிதித்துப் பார்த்தார். ஷெட்டைச் சுற்றி ஒரு வட்டம் அடித்து நிறுத்திக் காட்டினார். "நிக்குதே மச்சான்! திங்கட்கிழமை குவாரிக்கு ஆள் ஏத்தணும். நான்தானே ஓட்டப்போறேன்? அப்புறம் கொண்டாரேன்."

அடுத்த வாரம் மேஸ்திரி ஒரு லாரிக்கு அடியில் கிடந்தார். அடுத்த மாதம் ஒருமுறை ஞாபகமாகக் கேட்டார். "காலுக்குப் பழகிப்போச்சு மச்சான், இப்போ தெரியவே இல்ல" என்றார் மாப்பிள்ளை. சொன்னது பொய்யில்லை. அவருக்குத் தெரியவில்லை, இவருக்கு மறந்தே போனது. வண்டி நாள் முழுக்கக் குவாரியில் கிடந்ததால் தங்கை அதை ஓட்ட வழியே இல்லை. அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று இரண்டு ஆண்பிள்ளைகளில் ஒருவருக்காவது தோன்றியதா என்றால், இல்லை.

ஒன்றரை வருஷம் ஓடியது. மாப்பிள்ளை ஜீப்பை வீட்டில் விட்டுவிட்டு டயர் வாங்க நகரத்துக்குப் பஸ் ஏறிப் போன ஒரு நாள் காலையில் அவருடைய அப்பாவுக்கு நெஞ்சு வலித்தது. மாமனாருக்கு வேர்த்துக் கொட்டுவதைப் பார்த்ததும் தங்கை சாவியை எடுத்தாள். அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு மலைப்பாதையில் இறங்கினாள். மேலே சமதளத்தில் மெதுவாகத்தான் போயிருக்கிறாள், பிரேக்கை அழுத்தி மிதிக்க வேண்டி வரவில்லை. இறக்கத்தில் மிதித்தபோது வண்டி நிற்கவில்லை. கடைசி வளைவில் பாறையில் மோதியது. மாமனார் அங்கேயே முடிந்துபோனார். இவளுக்கு இடுப்பெலும்பு உடைந்தது.

விசாரிக்க வந்தவர்கள் பெண் ஓட்டிய வண்டி என்றதும் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. பதற்றத்தில் கிளட்ச்சை மிதித்திருப்பாள் என்று எழுதிக்கொண்டு போனார்கள். ஊரும் அதையே பேசியது. புருஷன் வீட்டில் "கேக்காம சாவியை எடுத்தா, எங்க அப்பாவைக் கொன்னுட்டா" என்று வாசல் கதவைச் சாத்தினார்கள். பதிமூன்று வயது மகள் தாத்தாவின் செல்லம். அவள் ஆஸ்பத்திரிக்கு ஒருநாள்கூட வரவில்லை.

மேஸ்திரி தங்கையைத் தன் வீட்டுக்குக் கொண்டுவந்தார். கட்டிலில் படுத்தபடியே அவள் கிளட்ச் மிதிக்கிற இடது காலை மெதுவாக நீட்டுவாள், மடக்குவாள். "எந்தக் காலாலண்ணா மிதிச்சேன்? யோசிச்சு யோசிச்சுப் பார்க்கறேன், ஞாபகம் வரமாட்டேங்குது" என்பாள். மேஸ்திரியும் அவள் தவறுதான் என்றே நம்பினார். நாசமாய்ப் போகிற மறதி அப்படி!

நசுங்கிய ஜீப்பை ஷெட்டுக்கு இழுத்து வந்த அன்றுதான் அந்த நம்பிக்கை உடைந்தது. பிரிக்கலாம் என்று முன்பக்கத்தைத் திறந்தார். தான் வைத்து அடைத்த தகடு கண்ணில் பட்டது. ஓட்டுகிற இருக்கையில் ஏறி, இருந்த பலத்தையெல்லாம் கூட்டி மிதித்துப் பார்த்தார். பெடல் இறங்க மாட்டேன் என்றது. லாரி நட்டைக் கழற்றுகிற ஆளுக்கே அந்தக் கதி. அவள் எம்மாத்திரம்! மேஸ்திரி ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்து அழுதார்.

சாயங்காலம் மாப்பிள்ளை வந்தார். மேஸ்திரி தகட்டைக் காட்டினார். மாப்பிள்ளை குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"தெரியும் மச்சான். விஷயம் காதுல விழுந்த அன்னிக்கே புரிஞ்சிடுச்சு."

"பாவி மனுஷா, தெரிஞ்சுமா அவளை வீட்டை விட்டுத் தள்ளி வச்சிருக்கீங்க?"

"கத்தாதீங்க. இது வெளிய வந்தா ரெண்டு பேரும் உள்ள போகணும். உங்க ஷெட்டும் போச்சு. நீங்க பேசாம இருங்க. எங்க ஆளுங்க கோவம் ஆறட்டும், நானே வந்து அவளைக் கூட்டிட்டுப் போறேன். புள்ளைக்கும் அம்மா வேணும்ல?"

அதில் ஒரு நியாயம் இருப்பதுபோல மேஸ்திரிக்குப் பட்டது. அதுதான் கொடுமை. வாயை மூடிக்கொண்டால் தங்கைக்கு வீடு கிடைக்கும், மகள் கிடைப்பாள். கொலைகாரி என்கிற பேரும் சாகிற வரைக்கும் கூடவே கிடைக்கும். வாயைத் திறந்தால் அந்தப் பேர் போகும், வீடும் போகும். இரண்டு நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அவள் மறுபடி அந்த இடது காலை நீட்டி மடக்கினாள். பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பம்ப், தகடு, ஷெட்டுக்கு மாப்பிள்ளை வந்தது என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

அவள் காலை அசைப்பதை நிறுத்தினாள்.

"அவருக்கு முதல்லயே தெரியுமாண்ணா?"

"தெரியும்மா."

"அன்னிக்கு நான் அவருக்குப் போன் பண்ணிக் கேட்டேன். மாமாவுக்கு முடியல, வண்டியை எடுக்கவான்னு. 'எடுத்துட்டுப் போ, சீக்கிரம்'னாரு. கேக்காம எடுத்தேன்னு அவங்க வீட்டுல சொன்னப்போ நான் மறுத்துப் பேசல. அப்பனைப் பறிகொடுத்த மனுஷன், எதையோ சொல்லிட்டுப் போகட்டும்னு விட்டேன்."

அவள் அண்ணனை நேராகப் பார்த்தாள்.

"அந்தப் போனை நீ எடுத்திருந்தா பிரேக்கைப் பத்திச் சொல்லியிருப்பியாண்ணா?"

ஆமாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. "இல்லம்மா. எனக்கும் ஞாபகம் வந்திருக்காது" என்றார்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சத்தமில்லாமல் அழுதாள். அழுது முடித்ததும், "என்னை அங்க கூட்டிட்டுப் போ. உள்ள போக இல்ல, வாசல் வரைக்கும் போதும்" என்றாள்.

மறுநாள் வாடகைக் காரில் போனார்கள். இரண்டு கையிலும் ஊன்றுகோலோடு அவள் வாசலில் நின்றாள். உறவுக்காரர்கள் வெளியே வந்தார்கள், மாப்பிள்ளையும் வந்தார். மேஸ்திரி முன்னால் போய் நின்று, பிரேக்கை அரைகுறையாக விட்டது தான்தான் என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். தங்கையின் நாத்தனார் ஓடிவந்து அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். அவர் கையைக்கூடத் தூக்கவில்லை. போலீசிலும் போய்ச் சொல்லப்போவதாகச் சொன்னார்.

தங்கை யாரையும் பார்க்கவில்லை. கதவோரம் நின்ற மகளை மட்டும் பார்த்தாள்.

"தாத்தாவை நான் கொல்லலடி. பிரேக்கைத்தான் மிதிச்சேன். அது நிக்கல. நிக்காதுன்னு எனக்கு யாரும் சொல்லல."

பெண் அப்பா பக்கம் திரும்பினாள். "அப்பா, உங்களுக்குத் தெரியுமா?"

அவர் தரையைப் பார்த்தார்.

"அம்மா போன் பண்ணும்போது நான் பக்கத்துலதான் இருந்தேன். நீங்க எடுத்துட்டுப் போன்னு சொன்னதுக்கப்புறம்தான் அம்மா சாவியை எடுத்தாங்க. நீங்க அப்படிச் சொல்லவே இல்லன்னு சாதிச்சீங்க, நானும் வாயைத் திறக்கலப்பா."

தங்கை ஓர் ஊன்றுகோலைக் கீழே விட்டுவிட்டு மகளை நோக்கிக் கையை நீட்டினாள். பெண் அந்தக் கையைப் பார்த்தாள், மாமனைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். பிறகு ஒருவர் பக்கமும் வராமல் உள்ளே போய் அறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.