வள்ளத்தில் எழும்பக்கூடாது

1. முதல் ஞாயிறு

எங்கள் படகு கிளப் தண்ணீரில் இறங்கிய முதல் நாளே கவிழ்ந்தது. மணக்குடிக் காயலில், கரையோரமாக, நாங்கள் ஐந்து பேர் வள்ளத்தில் உட்கார்ந்து துடுப்புப் போடப் பழகிக்கொண்டிருந்தோம். நான் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. மற்றவர்கள் பள்ளிக்கூட வாத்தியார்கள். அவர்களுடைய ஹெட்மாஸ்டர் குடையோடு கரையில் வந்து நின்றார். பெரியவர்கள் வந்தால் எழுந்து நிற்பது எங்களுக்குச் சிறுவயதுப் பழக்கம். ஐந்து பேரும் ஒன்றாக எழுந்து, ஒரே பக்கம் திரும்பிக் கும்பிட்டோம். கும்பிட்ட கை பிரியும் முன்பே தண்ணீரில் இருந்தோம்.

நெஞ்சளவு ஆழம்தான். எங்களுக்குத் துடுப்புப் பழக்கிய மணக்குடி அந்தோணி, வள்ளத்தை நிமிர்த்தும்வரை சிரிப்பை அடக்கிக்கொண்டார். பிறகு கிளப் தலைவர் ஞானமுத்து சாரிடம், “சாரே, நாளைக்கு பிஷப்பு வந்தா என்ன செய்விய? கடல்ல போயி முங்குவியளா?” என்று கேட்டார்.

அன்று மாலையே சட்டம் போட்டோம். வள்ளத்தில் இருக்கும்போது யார் வந்தாலும் எழும்பக்கூடாது. ஏறுகிறவர் எல்லோரும் காய்ந்த தேங்காய் நெற்று இரண்டைக் கயிற்றால் பிணைத்துக் கக்கத்தில் கட்டிக்கொள்ள வேண்டும். விழுந்தால் அது மிதக்க வைக்கும். காயல் பார்க்க வரும் குடும்பங்களுக்கு ஞாயிறுதோறும் இதைச் சம்பளமில்லாமல் சொல்லிக்கொடுத்தோம்.

2. தாசில்தார் வந்த நாள்

குடும்பப் பெண்களையும் பிள்ளைகளையும் ஆழத்தில் கொண்டுபோய் விளையாடுகிறார்கள் என்று யாரோ மனு கொடுத்துவிட்டார்கள். தாசில்தார் நேரில் பார்க்க வருவதாகச் சொன்னார். திருப்தி இல்லையென்றால் சர்க்கார் படகுத்துறையில் வள்ளம் கட்டும் அனுமதி போய்விடும்; கிளப்பும் அதோடு முடிந்தது. போதாக்குறைக்கு, அவர்தான் ஆபீஸில் எனக்கு மேலதிகாரி.

தாசில்தார் கோட்டுக்கு மேலே தேங்காய் நெற்றைக் கட்டிக்கொண்டு, முகத்தைச் சுளித்தபடி உட்கார்ந்தார். நான் அவருக்குப் பின்னால். அந்தோணி துடுப்புப் போட, ஞானமுத்து சார் சட்டங்களை ஒவ்வொன்றாக விளக்கினார். நடுக்காயலைத் தாண்டித் திரும்பி, கரையை நெருங்கும்போது துறையில் ஒரு மோட்டார் கார் வந்து நின்றது. இறங்கியவர் தாசில்தாருக்கும் மேலான டிவிஷன் பேஷ்கார்.

தாசில்தாரின் கை கோட்டுப் பொத்தானுக்குப் போனது. முழங்கால் நிமிர்ந்தது. வள்ளம் சாய்ந்து, ஒரு பக்கம் தண்ணீர் உள்ளே வழிந்தது. துறைப்பக்கம் இரண்டாள் ஆழம். நான் யோசிக்கவில்லை. இரண்டு கையாலும் அவர் தோளைப் பிடித்து அமுக்கினேன்.

“எசமான், இரியணும். இங்க யாரு வந்தாலும் எழும்பப்பிடாது.”

அவர் உட்கார்ந்துவிட்டார். வள்ளம் நேரானது. என் கைகளை நானே பார்த்தேன். வேலை போயிற்று என்று நினைத்தேன். அவர் திரும்பிப் பார்க்காமல், உட்கார்ந்தபடியே தலைக்கு மேல் கைகூப்பினார்.

“என்ன தாசில்தாரே, காலுக்குச் சுகமில்லியா?” என்றார் பேஷ்கார்.

“காலு சுகந்தான் எசமான். வள்ளத்துக்க சட்டம் அப்படி.”

வள்ளம் கரை சேரும்வரை பேஷ்கார் துறையிலேயே நின்றார். பிறகு பூட்ஸைக் கழற்றிவிட்டுத் தமக்கும் ஒரு ஜோடி நெற்று கேட்டார். அந்தோணி அதைக் கட்டிவிடும்போது, இறுக்கம் போதுமா என்று அவரே இழுத்துப் பார்த்தார். அன்று காயலை இரண்டு சுற்று சுற்றினோம். கரையேறியதும் தாசில்தார், துறையில் வள்ளம் கட்டிக்கொள்ளலாம் என்று ஞானமுத்து சாரிடம் சொன்னார்.

திங்கட்கிழமை அவர் ஆபீஸுக்குள் வந்தபோது எல்லோரும் எழுந்தோம். அவர் நேராக என் மேஜைக்கு வந்து, இரண்டு கையாலும் என் தோளைப் பிடித்து நாற்காலியில் அமுக்கினார்.

“இரியும் வே. இப்பம் சரியாப் போச்சு.”

கிளப்பில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன். துடுப்பும் நெற்றும் பிறகு. உங்களுக்கு மேலே இருப்பவரைப் பார்த்து ‘இரியும்’ என்று சொல்லத் துணிவு இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தாசில்தார் மறு மாதமே கிளப்பில் சேர்ந்தார். ஆபீஸில் நான் அவருக்கு எழுந்து நின்றேன். காயலில் அவர் யாருக்கும் எழுந்ததில்லை.