ஜெயலீலா அக்கா டிக்கெட் எடுத்த படம்

அமெரிக்காவில் கேட்டி என்னும் ஊரில் எங்கள் தமிழ்ச் சபையில் யார் வீட்டில் துக்கம் என்றாலும் முதலில் போய் நிற்கும் கார் ஜெயலீலாவுடையது. பின்சீட்டில் தக்காளி சாத ட்ரே சீட் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும். உள்ளே போய் ட்ரேயை வைப்பார், கையைக் கழுவுவார், துக்கப்படுகிறவரின் தோளைப் பிடித்துக்கொண்டு, "ஜெபம் பண்ணிருவோமா?" என்பார். பதிலுக்கு அவர் காத்திருந்ததை யாரும் பார்த்ததில்லை.

டயாலிசிஸ் சென்டரில் நர்ஸ். சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கத்து நாசரேத். "ஐ ஆம் ஃப்ரம் நாசரேத்" என்று அவர் சொன்னதும் வெள்ளைக்காரப் பாட்டிகள் படுக்கையில் நிமிர்ந்து உட்காருவார்கள். அவர் பேச ஆரம்பித்தால் நோயாளி வீடு போகும்வரை நிறுத்தமாட்டார். "மெஷினே வேண்டாம், இவ பேச்சுலயே ரத்தம் சுத்தமாயிரும்" என்பார் கணவர் சுந்தர்சிங்.

அப்படிப்பட்டவருக்கு ஜெபினா கதவு திறக்காமல் போனதுதான் தாங்க முடியவில்லை.

ஜெபினா கல்யாணமாகி இங்கே வந்தபோது டிரைவிங் சொல்லிக் கொடுத்தது ஜெயலீலாதான். கூடப் பிறக்காத தங்கை. கோடையில் அவள் கணவன் சைலஸ் ஆபீஸ் பார்க்கிங்கில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். அடக்கத்துக்குப் பிறகும் ஜெயலீலா வாரம் தவறாமல் போனார். சாதம், ஜெபம், ஆமென். கொஞ்ச நாளாக பெல் அடித்தால் உள்ளே டிவி சத்தம் நிற்கும், கதவு திறக்காது. வாசலில் ட்ரேயை வைத்துவிட்டுத் திரும்புவார்.

"நம்மள வேண்டாம்னு வச்சிட்டாளோ?" என்று சுந்தர்சிங்கிடம் கேட்டார். அவர் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

அவளை எப்படியாவது வெளியே கொண்டுவர வேண்டும் என்றுதான் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தைப் படத்துக்குக் கூட்டிப்போக ஏற்பாடு செய்தார். போஸ்டரில் ஜெப சால்வை போர்த்திய தாடிக்காரக் கிழவர், பக்கத்தில் ஏழு கிளைக் குத்துவிளக்கு. சபையில் அப்போது பைபிளில் மோசேயின் கதை வரும் யாத்திராகமம் படித்துக்கொண்டிருந்தார்கள். மோசே படம்தான் என்று, மேற்கொண்டு ஒன்றும் பார்க்காமல் வாட்ஸாப்பில் போஸ்டரைப் போட்டு, கூப்பிய கை எமோஜி மூன்றைச் சேர்த்து அனுப்பினார். ஜெபினா ஒரு கட்டை விரலை மட்டும் பதிலாகப் போட்டாள்.

படம் தொடங்கியதுமே ஒருவர் சூப் குடித்துக்கொண்டே செத்துப்போனார். சவ வண்டி தப்பான வீட்டுக்குப் போனது. அப்பாவின் தங்கப்பல் யாருக்கு என்று மகன்கள் இருவரும் கெட்ட வார்த்தையில் சண்டை போட்டார்கள்.

"ஏன் ஜெயலீலா, மோசே எப்ப வருவாரு?" என்றார் சங்கத்தில் மூத்தவரான அபிகாயில் ஆன்ட்டி.

"இருங்க ஆன்ட்டி, ஃப்ளாஷ்பேக்ல வருவாரா இருக்கும்."

போஸ்டரில் இருந்த தாடிக்காரர் வந்தார். அவர் மோசே இல்லை, அந்த ஊர் யூத மதகுரு, ரபி. செத்தவரின் மனைவி, "ஏன் இவரை எடுத்தார் கடவுள்?" என்று கேட்டாள். ரபி வெகுநேரம் தாடியைத் தடவினார். "எனக்குத் தெரியாதம்மா" என்றார். பிறகு, "அந்த சூப் மீதி இருக்கா?"

தியேட்டர் சிரித்தது. பின்வரிசையில் சின்னத் தொப்பி வைத்த ஒரு யூதப் பெரியவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவர் மனைவி முகம் இறுகி, அவர் முழங்காலில் ஓர் அடி வைத்தாள். அபிகாயில் ஆன்ட்டி கைப்பையை எடுத்துக்கொண்டு, வழியில் இருந்த எல்லோர் காலையும் மிதித்து வெளியேறினார். இன்னும் நான்கு பேர் பின்னால் போனார்கள்.

ஜெயலீலா பக்கத்தில் பார்த்தார். ஜெபினா முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். தோள்கள் நடுங்கின. ஐயோ, துக்கவீட்டுக்காரியை இழவுப் படத்துக்குக் கூட்டி வந்துவிட்டேனே! டிஷ்யூவை எடுத்து அவள் கையில் திணித்தார்.

"போயிரலாமா மக்கா? அக்கா மேல கோவிச்சுக்காத."

ஜெபினா கையை விலக்கினாள். அழவில்லை. சிரித்துக்கொண்டிருந்தாள், சத்தம் வராமல் இருக்க துப்பட்டாவைக் கடித்துக்கொண்டு.

லாபியில் அபிகாயில் ஆன்ட்டி பாப்கார்னோடு காத்திருந்தார். "ஆபிரகாமோட சந்ததிய இப்படியா காட்டுவாங்க? தேவ ஊழியக்காரன் தெரியாதுன்னு சொல்லலாமா?"

"அவங்களே எடுத்த படம் மாமி" என்றாள் அவர் மருமகள் செரின். "அவங்க வீட்டுச் சாவு, அவங்க சிரிக்கிறாங்க. நமக்கென்ன?"

"ஒனக்கு எல்லாம் காமெடிதான். பாஸ்டர்கிட்ட யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்லிக்கிடுறேன் ஆன்ட்டி" என்றார் ஜெயலீலா. பாஸ்டரைப் பற்றி அவருக்கு இப்போது கவலையே இல்லை. ஜெபினா தனியாகக் கார் பக்கம் நடந்துகொண்டிருந்தாள்.

காரில் ஏறியதும் ஜெபினாதான் ஆரம்பித்தாள். "நீங்க பெல் அடிக்கும்போதெல்லாம் நான் உள்ளதான் இருந்தேன்க்கா."

"தெரியும்."

"கோவம் இல்லையா?"

"வருத்தம்தான். என்ன தப்பு செஞ்சேன்னு தெரியல."

"நீங்க வந்த உடனே ஜெபம் பண்ணிருவீங்க. நீங்க ஆமென் சொன்னா நானும் ஆமென் சொல்லணும். அதோட முடிஞ்சிரும். அதுக்கப்புறம் நான் என்னத்தப் பேச?"

ஜெயலீலாவின் நாக்கு நுனியில் பைபிளிலிருந்து ஒரு சங்கீத வசனம் தயாராக வந்து நின்றது. அதை விழுங்குவது சுலபமாக இல்லை. ஏசி காற்றை அப்படியும் இப்படியும் திருப்பினார்.

"அடக்கத்துக்கு அவருக்குப் போட்டோமே, அந்த நீல சூட்" என்றாள் ஜெபினா. "அது அவருக்குப் பத்தவே இல்லக்கா. ஃப்யூனரல் ஹோம்காரன் என்னைத் தனியாக் கூப்பிட்டு, 'மேடம், பின்பக்கம் வெட்டிக்கிடட்டுமா, வெளிய தெரியாது'ன்னான். சரின்னேன். முன்னால பாத்தா மாப்பிள்ளை மாதிரி. பின்னால காலர்லேர்ந்து கீழ வரைக்கும் கத்திரிக்கோல்."

ஜெயலீலா அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"பாஸ்டர் பிரசங்கத்துல சொன்னாருல்லா, 'நம்ம சகோதரன் ஒரு குறைவும் இல்லாம கர்த்தர் முன்னால நிப்பாரு'ன்னு. எல்லாரும் அழுதீங்க. எனக்கு ஒரே நினைப்பு. மனுஷா, நின்னா நில்லும், தயவுசெஞ்சு திரும்பிராதேயும்னு."

ஜெயலீலா சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தார். முடியவில்லை. வெடித்து வந்த சிரிப்பில் தலை ஸ்டியரிங்கில் முட்டி ஹார்ன் அடித்தது. பார்க்கிங்கில் போய்க்கொண்டிருந்த செரின் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தாள். ஜெபினாவும் சிரித்தாள், சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று இருவருக்குமே தெரியவில்லை. ஜெயலீலா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவுதான், வேறொன்றும் செய்யவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து மூக்கைத் துடைத்துவிட்டு ரிவர்ஸ் கியர் போட்டார்.

"அக்கா, டயட்ல இருக்கேன்னு எங்கிட்ட சொல்லிட்டு அவரு எங்க போய்ச் சாப்பிட்டாருன்னு அந்த சூட் பத்தாமப் போன அன்னிக்குத்தான் கண்டுபிடிச்சேன். சொல்லட்டா?"

ஜெயலீலா கியரைத் திரும்பவும் பார்க்குக்கு மாற்றி வண்டியை நிறுத்தினார்.

"சொல்லு."