குளிர்த்தித் தண்ணியும் எரிபந்த மருந்தும்

சண்டை முடிஞ்சு படுவான்கரையில எங்கட ஊருக்குத் திரும்பி வந்து நாங்க செய்த முதல் பெரும்போக வேளாண்மையிலதான் இந்தக் கதை எனக்கு ஞாபகம் வந்திச்சு. மகன் மருந்தடிக்கிற கானை முதுகில கொழுவிக்கிட்டு, மூக்கையும் வாயையும் சீலைத்துண்டால கட்டிக்கிட்டு நெல்லு வட்டைக்குள்ள எறங்கினான். "அம்மா, காத்து உங்கட பக்கம்தான் அடிக்கிது. அங்கால போங்க!" எண்டு கத்துறான். நான் போவேனா? இப்பத்த மருந்துக்கு அவ்வளவு மணம் இல்லத்தான். ஆனா அது மூக்கில பட்டதும் எனக்கு ஏழு வயசாப் போச்சு.

எனக்கு எழுத்து வாசிப்புத் தெரியாது. ஆனா நெல்லில விழுற எரிபந்த நோயைத் தூரத்தில நிண்டே சொல்லிப்போடுவன். முதல்ல ஓலையில கண்ணுக் கண்ணாப் புள்ளி விழும். மறுகா நெருப்பு வெச்ச மாதிரி வட்டையே கருகும். கதிர்ட கழுத்தில ஏறிச்செண்டா நெல்லு இல்ல, வெறும் சப்பிதான். அந்த மார்கழி எங்கட அப்பாட வேளாண்மையில அது விழுந்திச்சு.

விவசாயப் போதனாசிரியர் ஐயா வந்து பார்த்திட்டு மருந்து எழுதிக் குடுத்தாரு. அப்ப ஊர் ஆக்கள் சேர்ந்துதான் மருந்து எடுப்பாங்க. எடுத்துக் கெடச்ச போத்தல்ல பங்கிட்டுக்குவாங்க. எங்கட பங்கு ஒரு காவிநிறப் போத்தல்ல வந்திச்சு. அப்பா அதைக் கூரை வளையில சொருகி வெச்சாரு. ஓலை காஞ்சு கெடக்கக்குள்ளதான் அடிக்கோணுமாம். மழையெண்டா விடவே இல்ல.

அம்மாக்கு அந்த மருந்தில நம்பிக்கை இல்ல. வைகாசியில கண்ணகை அம்மன் கோயில்ல குளிர்த்திச் சடங்கு முடிய, மஞ்சளும் வேப்பிலையும் போட்டு அம்மாளைக் குளிர வெச்ச தண்ணியை எல்லாருக்கும் வார்ப்பாங்க. அதைப் போத்தல்ல கொண்டு வந்து வருசம் முழுக்கச் சாமித் தட்டில வெச்சிருப்பம். எங்கட அதுவும் அதே சாதிக் காவிநிறப் போத்தல்தான்.

"எரிஞ்சு போறதைக் குளிர வெக்கிறவ அம்மாள்தானே. நாலு துளி தெளிச்சிட்டு வாறன்" எண்டா அம்மா.

"இஞ்ச பாருகா, இது கிருமி. உன்ர தண்ணியை ஊத்தி ஓலையை நனைச்சியெண்டா மருந்து வழிஞ்சு போகும். வட்டைக்குள்ள கால் வெக்காத!"

"ஓம், நீங்களும் உங்கட நாத்த மருந்தும்!"

அதோட கதை பேச்சு இல்ல. மூண்டு நாள். அம்மா சோத்தைப் போட்டு வெச்சிட்டு, "கொப்பாவைத் திங்கச் சொல்லு" எண்டுவா. அப்பா என்னைப் பார்த்து, "கொம்மாக்கிட்டத் தண்ணி கேளு" எண்டுவாரு. ரெண்டு பேரும் ஒரு எட்டுத் தூரத்திலதான் இரிப்பாங்க. நடுவில நான் தபால்காரி.

எனக்கு அலுத்துப் போச்சு. ரெண்டையும் கலந்து விட்டா ரெண்டு பேரும் வெண்டமாதிரித்தானே எண்டு நெனச்சன். என்ன மூளை பாருங்க! ஆரும் இல்லாத நேரம் சட்டியில ஊத்திக் கலந்து, திரும்ப ரெண்டு போத்தலுக்கும் சரிபாதியா நிரப்பி, இருந்த இடத்திலயே வெச்சிட்டன். கையைக் கழுவிக்கிட்டு விளையாடப் போயிட்டன். நாடே என்னால சமாதானம் ஆன மாதிரி ஒரு பெருமை.

அடுத்த நாள் காலத்தால தம்பிக்குச் சின்னமுத்துப் போட்டுட்டு. ரெண்டு வயசு. உடம்பெல்லாம் செவப்புப் புள்ளி, காய்ச்சல் கொதிக்கிது. அம்மாள் வந்த வீட்டில வேற என்ன செய்வாங்க? வாசல்ல வேப்பிலை, உள்ளுக்குச் சாம்பிராணிப் புகை, புள்ளைட வாயில ஒரு மொடறு குளிர்த்தித் தண்ணி. நான் வாளியில தண்ணி கொண்டு உள்ளுக்கு வாறன், அம்மா தம்பியை மடியில போட்டுக்கிட்டுச் சிரட்டையில போத்தலைச் சரிக்கிறா.

"என்ன, ஒரு மாதிரி மணக்கிது? வேப்பிலை பழசாப் போச்சாக்கும்" எண்டா.

சொன்னா அடி விழும். சொல்லாட்டி? சிரட்டை தம்பிட வாய்க்குக் கிட்டப் போச்சு. வாளியைப் போட்டிட்டுப் பாஞ்சு அடிச்சன். சிரட்டை ஒரு பக்கம், போத்தல் ஒரு பக்கம். அம்மாள்ட போத்தல் தூள் தூளாப் போச்சு.

அந்தத் தம்பிதான் வளர்ந்து கல்குடாக் கடக்கரையில தோணி வெச்சிருந்தவன். சுனாமி அண்டைக்குத் தென்னையில ஏறித் தப்பினான். ஒவ்வொரு தரம் சொல்லக்குள்ளயும் அந்தத் தென்னை ஒரு முழம் வளரும். வளரட்டும். உசிரோட இரிக்கானே, எனக்கு அது போதும்.

அம்மா என்ர முதுகில போட்டா பாருங்க அடி! "அம்மாள்ட தண்ணியைக் கொட்டினியே, படுபாவி!" சத்தம் கேட்டு அப்பா ஓடி வந்தாரு. நிலத்தில ஊறின ஈரத்தை மோந்து பார்த்தாரு. வளையில கெடந்த போத்தலை எடுத்து மோந்தாரு. மறுகா என்னைப் பார்த்தாரு. நான் சாகிறதுக்குத் தயார்.

"நான்தான்கா" எண்டாரு அம்மாக்கு. மூண்டு நாளைக்குப் பொறகு பேசின முதல் பேச்சு. "நான்தான் போத்தலை மாறி வெச்சிட்டன். புள்ளை மணத்தில கண்டுபிடிச்சிருக்கா."

அம்மா அவரைப் பேசின பேச்சு இரிக்கே, ஆத்துக்கு அங்கால கேட்டிரிக்கும். மனிசன் தலையைக் குனிஞ்சு நிண்டாரு. அம்மா என்னை இழுத்துக் கட்டிப் புடிச்சா. அடி விழுந்த முதுகைத் தடவினா. எனக்கெண்டா ஒரே புழுகம், சந்தோசம் தாங்கல்ல.

மழை விட்ட பொறகு, மிச்சம் இருந்த மருந்தை வட்டையில கீழ்ப் பாதிக்கு மட்டும் அடிச்சாரு. மேல் பாதி முழுக்கச் சப்பி. அந்த வருசம் கூழும் மரவள்ளியும்தான். ஆனா போத்தல் உடைஞ்ச கதையை அப்பா சாகுமட்டும் மாத்திச் சொல்லல்ல.

போத்தல் உடைஞ்ச அண்டைக்குப் பின்னேரம் நான் பார்க்கக்குள்ள, அப்பா வைக்கல் குவிச்ச பட்டறைக்குப் பின்னால குந்திக்கிட்டுச் சால்வையை வாயில அடைச்சுக் குலுங்கிக் குலுங்கி அழுறாரு. எனக்கு மனசு கேக்கல்ல. பக்கத்தில போய் நிண்டு, "அழாதேங்கப்பா, வளையில கெடந்த போத்தல்ல இன்னும் பாதி மருந்து இரிக்கு" எண்டன்.

அவரு என்னை இழுத்து மடியில வெச்சுக்கிட்டு இன்னும் கூட அழுதாரு. அந்த மருந்து அவ்வளவு பெறுமதியாக்கும் எண்டு நான் நெனச்சன்.