நான்கு வாட் போதும்: மொன்றியலிலிருந்து லா துக் காட்டுச்சாலைக்கு

போன அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை லாரியில் காட்டுக்குப் போய் வந்தேன். மொன்றியலின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் அடுக்ககச் சன்னலோரம் உட்கார்ந்து மற்றவர்களின் பயணக் கட்டுரைகளைப் படித்துப் பொறாமைப்படுகிற கோயம்புத்தூர்க்காரன் நான். கூட்டிப்போனவர் சிவநேசன் அண்ணை, யாழ்ப்பாணத்துக்காரர், சொந்த லாரி வைத்திருக்கிறார். துறைமுகத்தில் இறங்கும் இயந்திரங்களை லா துக் நகரைத் தாண்டி மரம் வெட்டும் முகாமுக்குக் கொண்டுபோவது அவர் வேலை.

முகாமுக்குக் கடைசி அறுபது கிலோமீட்டர் மண் சாலை. கிலோமீட்டருக்கு ஒரு பலகை இருக்கும். அதன் எண்ணை, லாரிக்காரர்கள் தங்களுக்குள் பேசும் சிபி ரேடியோவில் சொல்லிக்கொண்டே ஓட்ட வேண்டும். எதிரே மரம் ஏற்றி வரும் லாரியால் சட்டென்று நிற்க முடியாது. எண்ணைக் கேட்டவர்கள் முன்கூட்டியே ஒதுங்கிக்கொள்வார்கள். அண்ணை போன தடவை சொன்ன எண் ஒருவருக்கும் கேட்கவில்லை. வளைவில் ஒரு மர லாரி நேரே வந்துவிட, பள்ளத்தில் இறக்கித்தான் தப்பித்தார்.

“இந்த முறையும் கேக்காட்டி இந்த ஓட்டத்தை விட்டிடுவன் தம்பி. மனிசி சத்தியம் வாங்கிப்போட்டா” என்றார்.

காலை ஏழு மணிக்குத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ரஜனி அக்காவின் கடையில் இருந்தோம். லாரிகளுக்கு ரேடியோ பொருத்தும் கடை. வரும்போதே அண்ணை முடிவோடு வந்திருந்தார். “தங்கச்சி, பவரைக் கூட்டிற பெட்டி ஒண்டு பூட்டி விடும்.”

“நாலு வாட்தான் சட்டம் அண்ணை. வாயைப் பொத்திக்கொண்டு கத்தி என்ன பிரயோசனம்? முதல்ல ஆன்டெனாவைப் பாப்பம்.”

ரேடியோவுக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவில் ஒரு சின்ன மீட்டரை இணைத்தார் ரஜனி அக்கா. அனுப்புகிற சக்தியில் எவ்வளவு ஆன்டெனாவில் முட்டித் திரும்புகிறது என்று காட்டும் கருவி அது. ஒன்றரைக்குள் இருந்தால் நல்லது. முள் மூன்றைத் தாண்டி எகிறியது. இப்படியே பேசினால் ரேடியோவே கருகிவிடுமாம்.

வெளியே போய்ப் பார்த்தார். ஓட்டுநர் பக்கக் கண்ணாடித் தண்டில் ஆன்டெனா நின்றது. அதன் உலோக அடியையும் தண்டையும் சேர்த்து, எலுமிச்சையும் மிளகாயும் கோத்த மெல்லிய கம்பி ஏழெட்டுச் சுற்று. டொலார்ட்-டெஸ்-ஓர்மோ முருகன் கோயிலில் வாகனப் பூசை முடித்துக் கட்டியது. நூலில் கட்டினால் நெடுஞ்சாலைக் காற்றில் அறுந்துவிடும் என்று அண்ணை கம்பியில் கோத்திருக்கிறார்! ஆன்டெனாவின் அடி கண்ணாடித் தண்டைத் தொடக்கூடாது என்று இடையில் போட்ட காப்பு அந்தக் கம்பியால் வீணாகிவிட்டது.

அண்ணையின் முகம் சுண்டிவிட்டது. “காவலுக்கெண்டு கட்டினது…”

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். ரஜனி அக்கா சிரிக்கவே இல்லை. உள்ளே போய்க் கைகழுவி வந்து, மெதுவாகக் கம்பியை அவிழ்த்து இரண்டு கையாலும் அவரிடம் கொடுத்தார். “நூலில கோத்து உள்ளுக்குத் தொங்கவிடுங்கோ. காவல் உள்ளுக்கும் இருக்கும்தானே?” அந்தக் கணம் முதல் நான் அவருடைய ரசிகன்.

அதோடு விடவில்லை. சிகரெட் லைட்டர் துளையிலிருந்து வந்த மின்சாரத்தை நிறுத்தி, ஃபியூஸ் வைத்து பேட்டரியிலிருந்தே வயர் இழுத்தார். கண்ணாடித் தண்டில் பெயின்டைச் சுரண்டி, தண்டை லாரியின் உலோக உடம்போடு நன்றாக இணைத்தார். ஆன்டெனா நீளத்தைத் துளித்துளியாக மாற்றி மீட்டரை 1.3-க்குக் கொண்டுவந்தார். ஒன்றரை மணி நேரம், 85 டாலர்.

எட்டரைக்குக் கிளம்பினோம். லா துக் 290 கிலோமீட்டர். காப்பிக்கு நின்றும் பன்னிரண்டரைக்குப் போய்விட்டோம். மண் சாலையில் ஏறியதும் அண்ணை மைக்கை எடுத்துப் பலகைக்குப் பலகை எண்ணைச் சொல்ல ஆரம்பித்தார்.

இருபத்திரண்டாம் பலகையிலும் பிரெஞ்சில் எண்ணைச் சொன்னார். கரகரப்புதான் வந்தது. திரும்பச் சொன்னார். “இருபத்தாறில் இறங்கி வருகிறேன், மரம் ஏற்றியிருக்கிறேன்” என்று பிரெஞ்சில் ஒரு குரல். அண்ணை ஒதுங்குமிடத்தில் நிறுத்தினார். சில நிமிடத்தில் அந்த லாரி புழுதியோடு எங்களைக் கடந்தது. ஓட்டியவர் கையைத் தூக்கிக் காட்டினார்.

அண்ணை மனைவிக்கு அழைக்கத் தொலைபேசியை எடுத்தார். சிக்னல் இல்லை. “பேந்து சொல்லுவம்” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

போகிறவர்களுக்கு: சில காட்டுச்சாலைகளில் வேறு வகை ரேடியோ வேண்டும்; முகாமில் முன்பே கேளுங்கள். இரட்டை ஆன்டெனா பார்க்க எடுப்பாக இருக்கும், ஆனால் இரண்டுக்கும் நடுவில் ஒன்பதடி இடைவெளி இல்லாவிட்டால் ஒன்றே போதும். பவரில் காசைக் கொட்டாமல் ஆன்டெனாவைச் சரிபாருங்கள். சாலையில் ஏறுமுன் ரேடியோவில் கூப்பிட்டுப் பாருங்கள். யாராவது ஒருவர் பதில் சொல்லும்வரை ஏறாதீர்கள்.