பிடித்தால் கணக்கில்லை

எங்கள் ஆபரேஷன் தியேட்டரில் அவளுக்கு 'எழுப்பு அக்கா' என்று பெயர். மயக்க மருந்து டாக்டருக்கு உதவியாக நிற்கிற டெக்னீஷியன். மருந்து ஏறும்போது நோயாளியின் தலைமாட்டில் நிற்பாள், எல்லாம் முடிந்ததும் எழுப்புவாள். இருபத்தாறு வருடமாக இதுதான் வேலை. நான் அதே தியேட்டரில் கத்தி, கத்தரிக்கோல்களைக் கழுவி, கிருமி சாக ஆவியில் வைக்கிறவள். எனக்கு வாய் நீளம், அவளுக்கு வாயே கிடையாது. அதனாலேயே எங்களுக்கு ஒத்துப்போனது.

எழுப்புவதில் அவளுக்கு ஒரு முறை உண்டு. முதலில் கண்ணைத் திறக்கச் சொல்வாள். அப்புறம் தன் இரண்டு விரல்களை நோயாளியின் உள்ளங்கையில் வைத்து, "பிடிங்க" என்பாள். பிடிப்பார்கள். அதை அவள் ஒரு பொருட்டாகவே மதிக்க மாட்டாள். "இப்ப விடுங்க" என்பாள். விட்டால்தான் டாக்டரைப் பார்த்துத் தலையாட்டுவாள், தொண்டைக் குழாயை எடுப்பார்கள். உள்ளங்கையில் எதை வைத்தாலும் பிறந்த குழந்தைகூடப் பிடிக்கும், அதற்கு உள்ளே ஆள் இருக்கத் தேவையில்லை என்று எனக்கு விளக்கினாள். சொன்னதைக் கேட்டு விடுவதற்குத்தான் ஆள் வேண்டுமாம்.

கண் விழிக்கிறவர்களில் சிலர், தாங்கள் இவ்வளவு நேரம் எங்கே போயிருந்தோம் என்று கேட்பார்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. தூங்கினால் நேரம் போனதாவது தெரிகிறது. இங்கே மூன்று மணி நேரம் வெட்டித் தைத்திருப்போம், எழுந்ததும், இன்னும் ஆரம்பிக்கவில்லையா என்பார்கள். அந்த நேரத்தில் உயிர் கடவுளிடம் போய்விட்டு வருமோ என்று ஒருநாள் கேட்டுத் தொலைத்தேன்.

"இத்தனை வருஷத்துல ஒருத்தர்கூட அங்கேருந்து ஒரு சேதி கொண்டுவரல" என்றாள். "ஃபேனை நிறுத்தினா காத்து எங்கயாவது போய் உக்காந்திருக்குமா?"

எனக்குச் சுருக்கென்றது. தினமும் கும்பிட்டுவிட்டு வேலைக்கு வருகிறவள் நான். ரெண்டு நாள் அவளோடு டீ குடிக்கவில்லை.

அவள் புருஷன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், சரியான வாயாடி. ஊரையே எழுப்புகிறவளுக்குப் புருஷனை எழுப்ப மட்டும் ரெண்டு டீ செலவாகிறது என்று என்னிடமே கேலி பேசுவார். அந்த மனுஷன் ஒரு காலையில் முகச்சவரம் செய்துகொண்டிருந்தபோதே சரிந்து விழுந்தார். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது. எங்கள் ஆஸ்பத்திரியிலேயே மேல்மாடியில், தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்க வைத்தார்கள். மூச்சு மெஷினுடையது. கண் திறக்கவில்லை.

நாலாவது நாளே வேலைக்கு வந்து நின்றாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. சாப்பிட்டாயா என்று கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டுத் தெரியவில்லை என்றாள்.

"என் கை பாட்டுக்கு வேலை செய்யுது. நான் தள்ளி நின்னு பாத்துக்கிட்டிருக்கேன்" என்றாள்.

அவருடைய தங்கை, அதாவது இவளுடைய நாத்தனார், தினமும் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பிரார்த்தனை செய்வாள். பன்னிரண்டாம் நாள் தியேட்டர் வாசலுக்கே ஓடி வந்தாள்.

"அண்ணி, அண்ணன் என் கையைப் பிடிச்சாரு. கடவுள் காதுல விழுந்திருச்சு."

"பிடிச்சா கணக்கில்லை" என்றாள் இவள்.

நாத்தனாரின் முகம் செத்துப்போனது. அன்றைக்கு இவளைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினேன். ஒரு பொய் சொன்னால் உன் நாக்கு தேய்ந்துவிடுமா என்றேன். அவள் அடுத்த நோயாளியை எழுப்பப் போய்விட்டாள்.

பத்தொன்பதாம் நாள் மதியம் பெரிய டாக்டர் இவளையும் நாத்தனாரையும் கூப்பிட்டார். துணைக்கு நானும் போனேன். மூளையில் பெரும்பகுதி போய்விட்டது, மிச்சம் இருப்பதில் அவர் இருக்கிறாரா என்று அடித்துச் சொல்ல முடியவில்லை என்றார். மெஷினைத் தொடர்வதா, எடுப்பதா என்று மனைவிதான் கையெழுத்துப் போட வேண்டும். நாத்தனார், அண்ணன் உள்ளேதான் இருக்கிறார், இன்னும் கொஞ்ச நாள் பொறுங்கள் என்று கெஞ்சினாள். இவள் நேராகக் கட்டிலுக்குப் போனாள். இடது கையின் இரண்டு விரல்களை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"பிடிங்க."

பிடித்தார். அவர் விரல்கள் மடங்கி இறுகியதை எல்லாரும் பார்த்தோம்.

"இப்ப விடுங்க."

விடவில்லை. மூன்று தடவை சொன்னாள், தியேட்டரில் சொல்கிற அதே குரலில். நான் எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். கை அப்படியே இருந்தது.

"உள்ள யாரும் இல்ல" என்று டாக்டரிடம் சொன்னாள். மெஷினை எடுக்கச் சம்மதிக்கிற காகிதத்தைக் கட்டில் ஓரத்தில் வைத்து வலது கையால் கையெழுத்துப் போட்டாள். நாத்தனார் கண்ணை மூடி முணுமுணுக்க ஆரம்பித்தாள்.

நர்ஸ் மெஷின் பக்கம் வந்தாள். "அக்கா, கையை விடுங்க" என்றாள். இவள் அசையவில்லை. நர்ஸ் மறுபடி சொன்னாள். அப்போதுதான் பார்த்தேன், அவர் பிடி எப்போதோ தளர்ந்திருந்தது. இவள்தான் அவர் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். நர்ஸ் மூன்றாம் தடவையும் சொன்னாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏய், விடுடி" என்றேன்.

தன் கையை வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"எனக்கு நல்லாக் கேக்குது" என்றாள். "மூணு தடவையும் கேட்டுச்சு. கை விடல."

நாத்தனார் முணுமுணுப்பை நிறுத்திக் கண்ணைத் திறந்தாள்.

"நான் இங்கதான் இருக்கேன்" என்று என்னிடம் சொன்னாள். பிறகு டாக்டர் பக்கம் திரும்பி, அந்தப் பேப்பரைக் கேட்டாள். டாக்டர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

ஒற்றைக் கையால் அவளால் அதைக் கிழிக்க முடியவில்லை. நான்தான் வாங்கிக் கிழித்தேன்.