சாரல் படாத அறை

மெர்சிங் படகுத்துறையிலிருந்து படகில் முக்கால் மணி நேரம் போனால் அந்தத் தீவு. கரையிறங்கியதும் கண்ணில் படுகிற மூன்று பழைய கட்டடங்களுக்கும் சேர்த்து நாற்பத்தொரு சன்னல்கள். இருபத்திரண்டு வருஷமாக அவற்றைக் காலையில் திறந்ததும் மாலையில் மூடியதும் சதாசிவம் ஒருவர்தான்.

பாலோ பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, தீவில் சும்மா கிடந்த தேங்காய்த் தோட்டத்து ஆபீஸ், கொப்பரைக் கிடங்கு, துரை பங்களா மூன்றுக்கும் ஜாகா வேலை பார்க்க அனுப்பினார்கள். காவல் காக்க அங்கே என்ன இருந்தது? வௌவாலும் கறையானும்தான். ஆனால் சதாசிவத்துக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. காற்றுப் படாத மரம் உளுத்துப்போகும் என்று முதல் மழைக்காலத்திலேயே கண்டுகொண்டார். ஓடு விலகினால் அன்றே ஏணி போட்டார். ஆபீசின் பின்னறையில் மனைவி சந்திரமதியோடு குடியிருந்தார். கடலும் வானமும் சேர்ந்து அடித்தாலும் அந்த அறைக்குள் ஒரு துளி இறங்கியதில்லை.

மகள் லோஷினிக்கு ஏழு வயதானதும் அக்கரையில் மாசாயில் இருந்த தங்கை பேச்சியம்மாள் வீட்டில் விட்டுத் தமிழ்ப்பள்ளியில் சேர்த்தார். பள்ளியில் முகவரி கேட்டார்கள். தன் அடையாள அட்டையான ஐசியிலும் மனைவி ஐசியிலும் மாசாய் முகவரியையே போட்டுக்கொண்டார். உதவித்தொகைக் கடிதம்கூட அந்த முகவரிக்குத்தான் வந்தது. இன்று லோஷினியின் பட்டமளிப்புப் படம் பின்னறைச் சுவரில் இருக்கிறது. இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் அந்தத் தொப்பியைத் தலையில் வைத்த முதல் ஆள் அவள். படகில் வந்த யாரையும் அந்தப் படத்தைக் காட்டாமல் அவர் திருப்பி அனுப்பியதில்லை.

சென்ற ஆண்டு ஜோகூர் பாருவிலிருந்து ஓர் அறக்கட்டளை வந்து கட்டடங்களை எடுத்துக்கொண்டது. கிடங்கு ஊர்க்கூடமாகும், பங்களாவில் நூலகமும் பொதுச் சமையல்கட்டும், கூரையில் சூரியத் தகடு, ஓட்டில் வழியும் மழைநீர் தொட்டிக்குப் போகும், மீனவர்களுக்கு ஐஸ் இயந்திரம். பொறுப்பேற்றிருந்த வசந்தினி, கட்டடங்கள் மிக நன்றாகப் பேணப்பட்டிருப்பதாகத் தன் அறிக்கையில் எழுதியதை வாசித்தே காட்டினார். சதாசிவம் அன்று எல்லாருக்கும் இரண்டு தடவை தேத்தண்ணி கலக்கிக் கொடுத்தார்.

உடன் வந்த இஞ்சினியர் லோகேஸ்வரன், ஈரம் பார்க்கும் கருவியைச் சுவர் சுவராக வைத்து உதட்டைப் பிதுக்கிக்கொண்டே வந்தான்.

"மரமெல்லாம் நல்லா வச்சிருக்கீங்க அங்கிள். சுவருதான் ஊறிப்போச்சு. சூரியத் தகட்டோட பேட்டரிக்குக் காஞ்ச எடம் வேணும்."

சதாசிவத்துக்குப் பொறுக்கவில்லை. "என்ன தம்பி அப்படிச் சொல்லிட்டீங்க! எங்க ரூமுக்கு வந்து பாருங்க லா. எந்த மழைக்கும் ஒரு சொட்டு வந்ததில்ல."

லோகேஸ்வரன் பின்னறைச் சுவரில் கருவியை வைத்தான். "அலமாக்! இவ்வளவு நாளா இத எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?" சுண்ணக்கட்டி எடுத்துத் தரையில் நீள அகலம் குறித்தான். கோடு தங்கள் கட்டிலுக்கு அடியில் போன பிறகுதான் சதாசிவத்துக்கு விளங்கியது.

படகு போனதும் சந்திரமதி ஆரம்பித்தாள். "தவளை தன் வாயால கெட்டுச்சாம். நீங்க பீத்திக்கிட்ட பீத்தலுக்கு இனிமே கட்டில கடல்லதான் போடணும்."

"நான் தெரிஞ்சா சொன்னேன்?"

"தெரியாமத்தான். வாய மூடிக்கிட்டு சன்னல மட்டும் மூடியிருக்கலாம்ல?"

ஒரு வழி இருந்தது. தீவுவாசிகள் குடியிருக்கக் கட்டடங்களில் இரண்டு அறை ஒதுக்கலாம் என்பது அறக்கட்டளையின் விதி. லோஷினி வார இறுதியில் வந்து நல்ல மலாயில் மனு எழுதினாள். கம்பத்துத் தலைவர், அதாவது தீவின் மீனவக் கிராமத் தலைவர், சாட்சிக் கையெழுத்துப் போட்டார். வசந்தினி மனுவைப் படித்துவிட்டு ஐசியைக் கேட்டு வாங்கினார்.

"அங்கிள், மாசாய்னு போட்டிருக்கே."

"பிள்ளை படிப்புக்கு மாத்தினது மிஸ். நான் இங்கதானே இருக்கேன்? நீங்க வந்த அன்னிக்குச் சாவி யார் கொடுத்தா?"

"எனக்குத் தெரியும் அங்கிள். ஆனா போன ஜனவரியில ஐசியில தீவு முகவரி இருந்தவங்கதான் தீவுவாசி. ஒருத்தருக்கு வளைச்சா நாளைக்கு வெளியாள் பத்து பேர் வந்து நிப்பாங்க. கம்பத்துக்காரங்களுக்கே எடம் மிஞ்சாது."

சண்டைக்குத் தயாராக வந்திருந்த லோஷினி விதித்தாளை இரண்டு முறை படித்தாள். தானே எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பாள். "சரியாத்தான்பா இருக்கு," என்றாள். பிறகு தாளை நான்காக மடித்தாள். "எனக்காக மாத்தினீங்க."

"சும்மா இரு. நாளைக்கே கேட்டாலும் அதைத்தான் போடுவேன்." சொல்லிவிட்டு, எங்கே பார்ப்பதென்று தெரியாமல், சதாசிவம் சன்னல் கொக்கியை விரலால் துடைத்துக்கொண்டு நின்றார்.

பேட்டரி வேறு அறைக்குப் போகவேண்டுமானால் தீவுவாசிகள் கூடி முடிவெடுக்க வேண்டும். கூட்டத்துக்கு நாற்காலி போட்டவர் சதாசிவம். வேறு அறை என்றால் சுவர் காய ஒரு வருஷம் பிடிக்கும், ஐஸும் ஒரு வருஷம் தள்ளும் என்று லோகேஸ்வரன் உள்ளதைச் சொன்னான். பின்னறைக்குச் சம்மதமா என்றார் தலைவர். கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. இருபது வருஷமாக அவருக்கு மீன் கொடுத்த மீனவர் பக் டின் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் அவர் கையும் உயர்ந்தது. சதாசிவத்தின் கை மடியில் கிடந்தது. அதைக் கேட்பார் இல்லை.

வெளியே வந்தபோது பக் டின் அவர் தோளைத் தொட்டார். "ஐஸ் இல்லாம மீன் அழுகுது, சதா," என்றார் மலாயில்.

"தெரியும், பக் டின்," என்றார் சதாசிவம். தெரிந்துதான் இருந்தது. யார்மேல் கோபப்படுவது?

கம்பத்தில் காலி வீடு கிடையாது. சனி ஞாயிறுகளில் படகில் வந்து விருந்தாளிகளுக்குக் கட்டடத்தைச் சுற்றிக் காட்டும்படி வசந்தினி கேட்டுக்கொண்டார். சந்திரமதி பானைகளைச் சாக்கில் கட்டினாள். லோஷினியின் படத்தைச் சதாசிவமே கழற்றி, பழைய சேலையில் சுற்றினார். சுவரில் சதுரமாக ஒரு வெளுப்பு நின்றது.

அவர்கள் ஏறவேண்டிய படகிலேயே பேட்டரிகள் வந்து இறங்கின. நான்கு பேர் மூச்சிரைக்கத் தூக்கி வந்து, பின்னறைச் சன்னலுக்குக் கீழே வைக்கக் குனிந்தார்கள்.

வாசற்படியில் ஒரு கால் வைத்திருந்த சதாசிவம் சட்டென்று திரும்பினார்.

"அங்க வேணாம்பா, சன்னல் தொறந்திருந்தா சாரல் அடிக்கும். கட்டில் கெடந்த மூலையில வையுங்க. அங்கதான் ஒண்ணும் வராது."